ஏழு ஆண்டு முழக்கமும் ஒரு கட்டை விரலும்

2017-ம் ஆண்டு ஜூலை மாதம் 28-ந் தேதி. நள்ளிரவு தாண்டி மணி ஒன்றரை.

ஊர் உறங்கும் நேரம். ஆனால் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், செனட் சபையில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஓட்டு எடுப்பு நடந்துகொண்டிருந்தது.

ஒரு கிழவர் சபைக்குள் நடந்து வந்தார். வயது 80. இடது புருவத்துக்கு மேலே, தையல் போட்ட காயம். மூளையில் புற்றுக்கட்டி என்று டாக்டர்கள் சொல்லி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அவர் பெயர் ஜான் மெக்கேன். குடியரசுக் கட்சியைச் சேர்ந்தவர்.

மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். வலது கையை நீட்டினார். 1967-ல் வியட்நாமில் அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டபோது முறிந்த கை அது. தோளுக்கு மேலே தூக்க முடியாது. நீட்டிய கையின் கட்டை விரலைக் கீழ்நோக்கிக் கவிழ்த்தார். "இல்லை" என்றார்.

சபையில் "ஆ!" என்று ஒரு சத்தம் எழுந்தது. எதிர் வரிசையில் சிலர் கைதட்டத் தொடங்கினார்கள். அவர்களுடைய தலைவர் சக் ஷூமர் கையை அசைத்து அடக்கினார். குடியரசுக் கட்சியின் சபைத் தலைவர் மிட்ச் மெக்கானல், கைகளைக் கட்டிக்கொண்டு சிலைபோல நின்றார்.

ஆதரவு 49. எதிர்ப்பு 51. மசோதா தோற்றுப் போயிற்று.

தோற்றது எதிர்க்கட்சியின் மசோதா அல்ல. ஆளும் கட்சியின் மசோதா. ஜனாதிபதி அவர்கள் கட்சி. இரண்டு சபையிலும் மெஜாரிட்டி அவர்களுக்கு. "ஒபாமாவின் வைத்தியச் சட்டத்தை ரத்து செய்வோம்" என்று ஏழு ஆண்டு முழங்கி ஓட்டு வாங்கிய கட்சி அது. செய்யவேண்டிய நாள் வந்தபோது செய்ய முடியவில்லை.

ஏன்?

இதை அறிய, கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

வேலை போனால் வைத்தியமும் போகும்

அமெரிக்காவில் பெரிய கட்சிகள் இரண்டு. ஒன்று ஜனநாயகக் கட்சி. அதன் அடையாளம் கழுதை. மற்றொன்று குடியரசுக் கட்சி. அதன் அடையாளம் யானை. அந்த நாட்டுப் பார்லிமெண்டுக்குக் காங்கிரஸ் என்று பெயர். (நம் நாட்டுக் காங்கிரஸ் கட்சியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) காங்கிரசில் இரண்டு சபைகள். ஒன்று பிரதிநிதிகள் சபை. மற்றொன்று 100 பேர் கொண்ட செனட் சபை.

செல்வம் கொழிக்கும் அந்த நாட்டில் வைத்தியச் செலவு மலைக்க வைக்கும். ஒரு ஆபரேஷன், ஒரு குடும்பத்தின் சேமிப்பு முழுவதையும் விழுங்கிவிடும். ஆகவே, இன்சூரன்சு இல்லாமல் அங்கே வாழ்வது கஷ்டம். இன்சூரன்சு என்றால் என்ன? ஆரோக்கியமாக இருக்கும்போது மாதாமாதம் சந்தா கட்ட வேண்டும். நோய் வந்தால் கம்பெனி பணம் கொடுக்கும்.

அந்த நாட்டில் பெரும்பாலோருக்கு இந்த இன்சூரன்சு முதலாளி மூலம் கிடைக்கிறது. இது எப்படி வந்தது? இரண்டாம் உலகப் போர் நடந்த சமயம். 1942-ல் சம்பளத்தை உயர்த்தக்கூடாது என்று சர்க்கார் கட்டுப்பாடு போட்டது. ஆனால் ஆலைகளுக்கு ஆள் வேண்டும். சம்பளத்தை உயர்த்த முடியாத முதலாளிகள், "வைத்திய இன்சூரன்சு தருகிறோம், வாருங்கள்" என்று அழைத்தார்கள். பிறகு வரிச் சலுகையும் கிடைத்தது. அந்தப் பழக்கம் வேரூன்றிவிட்டது.

இதில் ஒரு பொல்லாத விளைவு உண்டு. வேலை போனால் இன்சூரன்சும் போகும். கடுமையான நோய் வந்தவனால் வேலைக்குப் போக முடியாது. வைத்தியம் எப்போது மிகவும் தேவையோ, அப்போதுதான் அது கையை விட்டு நழுவும்.

ஒபாமா சட்டம் வருவதற்கு முன்பு, தனியாக ஒரு கம்பெனியிடம் போய் இன்சூரன்சு கேட்டால்? "உனக்கு முன்பே நோய் இருக்கிறதா?" என்று கேட்பார்கள். நீரிழிவு என்றால் தயங்குவார்கள். இதய நோய் என்றால் கதவைச் சாத்துவார்கள். அல்லது கட்ட முடியாத சந்தா கேட்பார்கள். 2010-ல் அந்த நாட்டில் ஏறத்தாழ 4 கோடியே 80 லட்சம் பேருக்கு எந்த இன்சூரன்சும் இல்லை.

முதியவர் கையில் முதல் கார்டு

இந்தக் குறையைப் போக்க வேண்டும் என்று 1945-ல் ஜனாதிபதி ட்ரூமன் முயன்றார். எல்லோருக்கும் சர்க்கார் இன்சூரன்சு வேண்டும் என்றார். அமெரிக்க டாக்டர்கள் சங்கம் கடுமையாக எதிர்த்தது. "இது சோஷலிசம்!" என்று பிரசாரம் நடந்தது. ட்ரூமன் தோற்றார்.

இருபது ஆண்டு கழிந்தது. ஜனாதிபதி ஜான்சன் வந்தார். முதியவர்களுக்கு மட்டுமாவது வைத்திய இன்சூரன்சு என்று ஒரு சட்டம் கொண்டு வந்தார். அதன் பெயர் மெடிக்கேர். கூடவே, ஏழைகளுக்கு மெடிக்கெய்டு என்று ஒரு திட்டம்.

1965-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி, ஜான்சன் வாஷிங்டனில் இருந்து மிசவுரி மாநிலத்துக்குப் பறந்தார். இண்டிபெண்டன்ஸ் என்ற ஊரில் வாழ்ந்த கிழவர் ட்ரூமனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். மெடிக்கேரின் முதல் கார்டு ட்ரூமனுக்கே கொடுக்கப்பட்டது.

நாம் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தச் சட்டத்துக்குப் பிரதிநிதிகள் சபையில் நடந்த கடைசி ஓட்டெடுப்பில், குடியரசுக் கட்சியினர் 70 பேர் ஆதரித்தார்கள். 68 பேர் எதிர்த்தார்கள். கட்சி பாதிக்குப் பாதியாகப் பிரிந்தது. செனட் சபையிலும் அக்கட்சியினர் 13 பேர் ஆதரித்தார்கள். ஆகவே, மறுநாள் காலையில் அது ஒரு கட்சியின் சட்டமாக இல்லை. நாட்டின் சட்டமாக இருந்தது. அதற்குப் பிறகு மெடிக்கேரை ஒழிப்போம் என்று சொல்லி எந்தக் கட்சியும் தேர்தலுக்கு நின்று பிழைத்ததில்லை.

1997-ல் குழந்தைகளுக்காக ஒரு வைத்தியத் திட்டம் வந்தது. அதைக் கொண்டு வந்தவர்கள் இருவர். ஒருவர் ஜனநாயகக் கட்சியின் டெட் கென்னடி. மற்றவர் குடியரசுக் கட்சியின் ஆரின் ஹேட்ச். கொள்கையில் வடதுருவமும் தென்துருவமும் போன்றவர்கள். ஆனாலும், சிகரெட் வரியை உயர்த்தி, அந்தப் பணத்தில் குழந்தைகளுக்கு வைத்தியம் என்று உடன்பட்டார்கள். செய்யவும் செய்தார்கள்.

யார் வீட்டுப் பிள்ளை?

இனி வருவதுதான் வேடிக்கை.

ஒபாமா சட்டத்தின் கருத்து, குடியரசுக் கட்சி வீட்டில் பிறந்த பிள்ளை!

"ஒவ்வொருவரும் கட்டாயம் இன்சூரன்சு எடுக்க வேண்டும்" என்ற யோசனையை 1989-ல் வெளியிட்டது ஹெரிட்டேஜ் பவுண்டேஷன். அது குடியரசுக் கட்சிக்கு வேண்டிய ஆராய்ச்சி நிலையம். 1993-ல் குடியரசுக் கட்சி செனட்டர் ஜான் சேஃபி, அதே யோசனையை மசோதாவாகவே கொண்டு வந்தார்.

2006-ம் ஆண்டு ஏப்ரல் 12-ந் தேதி, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அது சட்டமே ஆயிற்று. கையெழுத்துப் போட்ட கவர்னர் மிட் ராம்னி. அவரும் குடியரசுக் கட்சிக்காரர். பக்கத்தில் டெட் கென்னடி சிரித்த முகத்தோடு நின்றார்.

யோசனை எளிமையானது. அடுப்புக்கு மூன்று கல். முதல் கல்: நோயாளி என்று எவரையும் கம்பெனி தள்ளக்கூடாது. இரண்டாவது கல்: ஆரோக்கியமாக இருப்பவர்களும் சேர வேண்டும். இல்லாவிட்டால், நோய் வந்த பிறகே எல்லோரும் வருவார்கள், கம்பெனி திவாலாகும். மூன்றாவது கல்: சந்தா கட்ட முடியாதவர்களுக்குச் சர்க்கார் உதவ வேண்டும்.

இதே மூன்று கல்லைத்தான் 2009-ல் ஜனாதிபதி ஒபாமா நாடு முழுவதற்கும் வைத்தார். அத்துடன், மெடிக்கெய்டு திட்டத்தில் மேலும் பல ஏழைகளைச் சேர்த்தார். 26 வயது வரை பிள்ளைகள் பெற்றோரின் இன்சூரன்சிலேயே இருக்கலாம் என்றார்.

பிள்ளை அடுத்த வீட்டில் வளர்ந்ததும், பெற்றவர்களுக்கே பிடிக்காமல் போயிற்று.

வாட்டர்லூ யாருக்கு?

2009 ஜூலையில் குடியரசுக் கட்சி செனட்டர் ஜிம் டிமிண்ட் தம் ஆதரவாளர்களிடம் பேசினார். இந்த மசோதாவைத் தடுத்துவிட்டால், அதுவே ஒபாமாவுக்கு வாட்டர்லூ ஆகிவிடும் என்ற பொருளில் சொன்னார். வாட்டர்லூ என்பது 1815-ல் நெப்போலியன் அடியோடு வீழ்ந்த போர்க்களம்.

அந்தக் கோடையில் சமரசம் பேசவும் சிலர் முயன்றார்கள். இரு கட்சியிலும் மும்மூன்று செனட்டர்கள் சேர்ந்து மாதக்கணக்கில் பேசினார்கள். பயன் இல்லை. அக்டோபரில், கமிட்டி ஓட்டெடுப்பில் ஒலிம்பியா ஸ்னோ என்ற குடியரசுக் கட்சி அம்மையார் மட்டும் ஆதரித்தார். நவம்பரில் பிரதிநிதிகள் சபையில் ஜோசப் காவ் என்ற ஒருவர் மட்டும் ஆதரித்தார். கடைசி ஓட்டெடுப்பு வந்தபோது இந்த இருவரும்கூட எதிர்ப்பக்கம் போய்விட்டார்கள்.

ஆகஸ்டு 25-ந் தேதி டெட் கென்னடி இறந்தார். மூளையில் புற்றுக்கட்டி. வாழ்நாள் முழுவதும் எந்தச் சட்டத்துக்காகப் போராடினாரோ, அதைப் பார்க்காமலே போனார். காலியான அவருடைய இடத்துக்கு 2010 ஜனவரியில் தேர்தல் நடந்தது. கென்னடியின் சொந்த மாநிலத்திலேயே குடியரசுக் கட்சி வென்றது!

அது ஓர் எச்சரிக்கை. ஜனநாயகக் கட்சி அதைக் கேட்டு நிற்கவில்லை. செனட்டில் ஏற்கனவே நிறைவேறி இருந்த மசோதாவை அப்படியே எடுத்து, பிரதிநிதிகள் சபையில் நிறைவேற்றியது. 2010 மார்ச் 21-ந் தேதி. ஆதரவு 219. எதிர்ப்பு 212. குடியரசுக் கட்சியினர் 178 பேரில் ஒருவர்கூட ஆதரிக்கவில்லை. ஜனநாயகக் கட்சியிலேயே 34 பேர் எதிர்த்தார்கள்.

மார்ச் 23-ந் தேதி ஒபாமா கையெழுத்துப் போட்டார். ஒரு கையெழுத்துக்கு 22 பேனா! பேருக்கு ஒரு பேனா என்று, உதவியவர்களுக்கு நினைவுப் பரிசாகக் கொடுப்பது அங்கே வழக்கம். அந்த 22 பேனாவில் ஒன்றாவது எதிர்க்கட்சிக்காரர் ஒருவருக்குப் போயிருந்தால், பின்னால் நடந்த கதையே வேறு.

சபையில் மசோதா வென்ற அன்று டேவிட் ஃப்ரம் என்ற குடியரசுக் கட்சி எழுத்தாளர் ஒரு கட்டுரை எழுதினார். முன்னாள் ஜனாதிபதி புஷ்ஷுக்குப் பிரசங்கம் எழுதிக் கொடுத்தவர் இவர். வாட்டர்லூ வந்தது உண்மை. ஆனால் வீழ்ந்தது நாம்தான் என்பது அவர் கருத்து. பேரம் பேசியிருந்தால் சட்டத்தில் பாதியை நம் விருப்பப்படி மாற்றி இருக்கலாம். ஒன்றும் வேண்டாம் என்று நின்றதால் ஒன்றும் கிடைக்கவில்லை. நாளைக்குத் தேர்தலில் வென்றாலும், கொடுத்த வைத்தியத்தை யாரால் பிடுங்க முடியும் என்று கேட்டார்.

நான்கே நாளில், தாம் வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையத்தை விட்டு அவர் வெளியேற நேர்ந்தது. கட்சிக்காரர்கள் அவரைப் பரிகாசம் செய்தார்கள்.

முதலில் பார்த்தால் பரிகாசம் செய்தவர்களே ஜெயித்தார்கள். 2010 நவம்பர் தேர்தலில் குடியரசுக் கட்சி, பிரதிநிதிகள் சபையில் 63 இடங்களைக் கூடுதலாகப் பிடித்தது. சட்டத்துக்கு ஓட்டளித்த பல ஜனநாயகக் கட்சிக்காரர்கள் வீட்டுக்குப் போனார்கள்.

ஐம்பது தடவை

பிறகு நடந்தது என்ன? முழுதாகவோ பகுதியாகவோ சட்டத்தை ரத்து செய்வதற்கு, பிரதிநிதிகள் சபையில் 50 தடவைக்கு மேல் ஓட்டு எடுத்தார்கள். ரத்து ஆகாது என்று அவர்களுக்கே தெரியும். ஒபாமா கையெழுத்துப் போடமாட்டார். ஆனாலும் எடுத்தார்கள். ஊரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் அல்லவா?

சுப்ரீம் கோர்ட்டில் வழக்கு நடந்தது. 2012 ஜூன் 28-ந் தேதி 5-க்கு 4 என்ற கணக்கில் சட்டம் பிழைத்தது. காப்பாற்றியவர் பிரதம நீதிபதி ஜான் ராபர்ட்ஸ். அவரை நியமித்தவர் குடியரசுக் கட்சி ஜனாதிபதி. ஆனால், மெடிக்கெய்டை விரிவாக்குவது அந்தந்த மாநிலத்தின் இஷ்டம் என்றும் தீர்ப்பில் சொல்லிவிட்டார்கள்.

2013 அக்டோபரில் இந்தச் சட்டத்தை முன்னிட்டு 16 நாள் சர்க்கார் ஆபீசுகளே மூடிக் கிடந்தன.

ஜனநாயகக் கட்சியின் மீதும் தப்பு இல்லாமல் இல்லை. "இப்போது இருக்கும் இன்சூரன்சு பிடித்திருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம்" என்று ஒபாமா மேடைக்கு மேடை வாக்குக் கொடுத்தார். 2013-ல் லட்சக்கணக்கானவர்களுக்குப் பழைய இன்சூரன்சு ரத்தாகிக் கடிதம் வந்தது. ஒபாமா மன்னிப்புக் கேட்டார். பதிவு செய்வதற்காகத் திறந்த இணையதளமோ முதல் நாளே படுத்துவிட்டது. நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றுக்குச் சந்தா கூடியது. உதவித்தொகை எல்லைக்குச் சற்று மேலே சம்பாதித்தவர்கள் பாடு திண்டாட்டம். அவர்களுடைய கோபம் வெறும் கட்சிக் கோபம் அல்ல.

ஆனால் சத்தம் இல்லாமல் மற்றொன்றும் நடந்துகொண்டிருந்தது. 2016-க்குள் இன்சூரன்சு இல்லாதவர் தொகை சுமார் 2 கோடி குறைந்தது. கெண்டக்கி மாநிலத்தில் இந்தச் சட்டத்துக்குக் "கைநெக்ட்" என்று உள்ளூர்ப் பெயர் வைத்தார்கள். 2014-ல் அங்கே மக்கள் கருத்தைக் கேட்டபோது, "ஒபாமா சட்டம் கெட்டது" என்று சொன்னவர்கள் மிகுதி. "கைநெக்ட் கெட்டது" என்று சொன்னவர்கள் சிலரே. இரண்டும் ஒன்றுதான்! நோயாளிக்கு மருந்தின் மேல் கோபம் இல்லை. சீட்டில் இருந்த பெயரின் மேல்தான் கோபம்.

புலி வால்

2016 நவம்பரில் டிரம்ப் வென்றார். எல்லாம் குடியரசுக் கட்சியின் கைக்கு வந்தது. இனி ரத்து செய்யவேண்டியதுதான்.

அப்போதுதான் தெரிந்தது, அவர்கள் பிடித்திருந்தது புலி வால் என்று.

ரத்து செய்து விட்டு, பதிலுக்கு என்ன வைப்பது? ஏழு ஆண்டில் கட்சி முழுவதும் ஏற்கும் திட்டம் ஒன்றை எழுதி வைக்கவில்லை. வைத்தியச் சட்டம் இவ்வளவு சிக்கலானது என்று யாருக்கும் தெரியாது என்று 2017 பிப்ரவரியில் டிரம்ப் சொன்னார். யாருக்கும் தெரியாதா? ட்ரூமனுக்குத் தெரியும். 1994-ல் இதே முயற்சியில் தோற்ற கிளிண்டனுக்கும் தெரியும்.

மே 4-ந் தேதி பிரதிநிதிகள் சபையில் 217-க்கு 213 என்று ஒரு மசோதா தப்பிப் பிழைத்தது. வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் விழா எடுத்தார்கள். அந்த மாதமே காங்கிரசின் பட்ஜெட் அலுவலகம் கணக்குப் பார்த்துச் சொன்னது. இது சட்டமானால், 2026-க்குள் மேலும் 2 கோடியே 30 லட்சம் பேர் இன்சூரன்சை இழப்பார்கள் என்பது கணக்கு.

உறுப்பினர்கள் தொகுதிக்குப் போனால், கூட்டங்களில் ஜனங்கள் மடக்கிக் கேட்டார்கள். பந்தியில் உட்கார வைத்து, இலை போட்டுச் சோறு பரிமாறிய பிறகு, "எழுந்திரு" என்றால் யார்தான் எழுந்திருப்பார்கள்?

செனட் சபையில் கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆயிற்று. முழு ரத்து தோற்றது. மாற்று மசோதா தோற்றது. கடைசியில், "ஒல்லி ரத்து" என்று சொல்லும்படி எட்டுப் பக்கத்தில் ஒன்று தயாரித்தார்கள். ஓட்டெடுப்புக்குச் சில மணி நேரம் முன்னால்தான் அது வெளியே வந்தது. அன்று மாலை சில குடியரசுக் கட்சி செனட்டர்கள் பத்திரிகை நிருபர்களைக் கூட்டி, இந்த மசோதா இப்படியே சட்டமாகாது என்று மற்றச் சபை உறுதி கொடுத்தால்தான் ஆதரிப்போம் என்றார்கள்! சட்டமாகக் கூடாது என்று வேண்டிக்கொண்டே ஒரு மசோதாவுக்கு ஓட்டுப் போடப் புறப்பட்ட அதிசயம் அது.

மெக்கேன் ஒபாமாவின் நண்பர் அல்ல. 2008-ல் ஒபாமாவிடமே ஜனாதிபதி தேர்தலில் தோற்றவர். இந்தச் சட்டத்தை எதிர்த்தே பேசி வந்தவர். ஆபரேஷன் முடிந்து ஜூலை 25-ந் தேதி சபைக்கு வந்தபோது, இரு கட்சியையும் கண்டித்தார். அன்று அவர்கள் நம்மை ஒதுக்கி நிறைவேற்றினார்கள். இன்று நாமும் அதையே செய்கிறோம். கமிட்டிக்கு அனுப்பி, இரு தரப்பும் உட்கார்ந்து பேசுவோம் என்றார். மூன்று நாள் கழித்து விரலைக் கவிழ்த்தார்.

எல்லோரும் மெக்கேனைப் புகழ்கிறார்கள். புகழட்டும். ஆனால் அந்த இரவில் "இல்லை" என்று சொன்ன குடியரசுக் கட்சியினர் மூவர். மெய்ன் மாநிலத்து சூசன் காலின்ஸ், அலாஸ்கா மாநிலத்து லிசா முர்க்கோவ்ஸ்கி என்ற இரண்டு பெண்மணிகள், மூன்று நாள் முன்னால் விவாதத்தைத் தொடங்கும் ஓட்டெடுப்பிலேயே எதிர்த்து நின்றவர்கள். அன்று மெக்கேன் ஆதரவுப் பக்கம். கட்சியின் கோபத்தை முதலில் தாங்கியவர்கள் இவர்களே. விரல் படத்தில் விழுந்தது, இவர்கள் விழவில்லை.

மெக்கேன் 2018-ல் இறந்தார். ஆகஸ்டு 25-ந் தேதி. கென்னடி இறந்த அதே தேதி. அதே நோய்.

ஒரு கையால் யானை, மறு கையால் சட்டம்

அந்த நவம்பரில் ஜனநாயகக் கட்சி 40 இடங்களைக் கூடுதலாகப் பிடித்து, பிரதிநிதிகள் சபையைக் கைப்பற்றியது. "உங்கள் வைத்தியத்தைப் பிடுங்கப் பார்த்தார்கள்" என்பதே பெரிய பிரசாரம். எட்டு ஆண்டு முன்னால் எந்தச் சட்டத்தால் தோற்றார்களோ, அதே சட்டத்தைச் சொல்லி ஜெயித்தார்கள்.

இதைவிட நமக்கு வியப்பாக இருப்பது வேறொன்று. மெடிக்கெய்டை விரிவாக்க மறுத்த சில மாநிலங்களில், ஜனங்களே நேரடியாக ஓட்டுப் போட்டு அதைக் கொண்டு வந்தார்கள். 2018-ல் ஐடஹோ, யூட்டா, நெப்ராஸ்கா. 2020-ல் ஒக்லஹோமா, மிசவுரி. 2022-ல் தெற்கு டக்கோட்டா. இவை எல்லாம் டிரம்ப் வென்ற மாநிலங்கள். ஒரு கையால் யானைக் கட்சிக்கு ஓட்டு. மறு கையால் கழுதைக் கட்சியின் சட்டத்துக்கு ஓட்டு. மிசவுரி, ட்ரூமன் பிறந்த மாநிலம். அவர் கேட்டு 75 ஆண்டு கழிந்து, அந்த மண்ணின் மக்கள் ஓட்டுப் பெட்டியில் பதில் சொன்னார்கள்.

சட்டத்தின் இரண்டாவது கல்லை, அதாவது கட்டாயத்தை, 2017 டிசம்பரில் வேறொரு வரிச் சட்டத்தின் மூலம் உருவி எடுத்தார்கள். இன்சூரன்சு எடுக்காதவர்களுக்கு 2019 முதல் அபராதம் இல்லை. பானை கவிழும் என்று எல்லோரும் பார்த்தார்கள். ஆடியதே தவிரக் கவிழவில்லை. 2021-ல் மூன்றாவது முறையாகப் பெரிய வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய், 7-க்கு 2 என்று தள்ளுபடி ஆயிற்று. அதே ஆண்டில் ஜனநாயகக் கட்சி சந்தா உதவியை உயர்த்தியது. ஆனால் 2025 முடிவு வரைதான் அதற்கு ஆயுள்.

யானையின் வழி எது?

2024-ல் டிரம்ப் மறுபடியும் நின்றார். உங்களிடம் மாற்றுத் திட்டம் உண்டா என்று விவாத மேடையில் கேட்டார்கள். திட்டத்துக்கான யோசனைகள் இருக்கின்றன என்ற அளவில்தான் பதில் வந்தது. ஆயினும் வென்றார். ஆகவே, "வைத்தியத்தை எதிர்த்த கட்சி அழிந்துவிடும்" என்று சொன்னவர்கள் கணக்கும் தப்பு. ஜனங்கள் ஓட்டுப் போடும்போது அரிசி விலையையும் பார்க்கிறார்கள். ஆஸ்பத்திரி பில்லை மட்டும் பார்ப்பதில்லை.

ஆனால் உள்ளே இருக்கும் புண் ஆறவில்லை. 2025 ஜூலை 4-ந் தேதி டிரம்ப் ஒரு பெரிய சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். வரிக் குறைப்பு ஒரு பக்கம். மெடிக்கெய்டில் வெட்டு மறு பக்கம். செனட் சபையில் 50-க்கு 50 என்று நின்று, துணை ஜனாதிபதியின் ஓட்டால் நிறைவேறியது. 2034-க்குள் மேலும் சுமார் ஒரு கோடிப் பேர் இன்சூரன்சை இழப்பார்கள் என்று பட்ஜெட் அலுவலகம் சொன்னது. "ஒபாமா சட்டம் ரத்து" என்ற பெயர் மட்டும் அதற்கு வைக்கவில்லை.

மிசவுரியின் குடியரசுக் கட்சி செனட்டர் ஜாஷ் ஹாலி, மெடிக்கெய்டை வெட்டுவது தப்பு, கட்சிக்குத் தற்கொலை என்று மே மாதம் பத்திரிகையில் எழுதினார். ஜூலையில் அதே மசோதாவுக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார். அந்த மாதமே, வெட்டில் ஒரு பகுதியை நீக்க வேண்டும் என்று புது மசோதா கொண்டு வந்தார்! வட கரோலினாவின் தாம் டில்லிஸ் எதிர்த்து ஓட்டளித்தார். கடைசி ஓட்டெடுப்புக்கு முன்பே, அடுத்த தேர்தலில் நிற்கப் போவதில்லை என்று அறிவித்துவிட்டார். மனச்சாட்சிப்படி ஓட்டுப் போட வேண்டுமானால் பதவி ஆசையை விட்டுவிட வேண்டும் என்ற நிலை ஒரு கட்சியில் வந்துவிட்டால், அந்தக் கட்சிக்குள் நல்ல யோசனை சொல்ல யார் வருவார்கள்?

நம்முடைய எண்ணத்தை ஒளிக்காமல் சொல்கிறோம். குடியரசுக் கட்சிக்கு ஒபாமா சட்டம் வேண்டாம் என்றால், தன் சட்டம் எது என்று எழுத்தில் வைக்க வேண்டும். நீரிழிவுக்காரனுக்கு என்ன வழி, வேலை இழந்தவனுக்கு என்ன வழி என்று பத்தி பத்தியாகச் சொல்ல வேண்டும். அவர்களிடம் ஆள் இல்லாமல் இல்லை. ராம்னி செய்து காட்டினார். ஹேட்ச் செய்து காட்டினார். ஜனநாயகக் கட்சியும், சந்தா கட்ட முடியாத நடுத்தரக் குடும்பத்தின் முறையீட்டை எதிர்க்கட்சியின் கூச்சல் என்று தள்ளக்கூடாது. நாலு ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறும் சட்டம், அடுத்த தேர்தல் வரைதான் நிம்மதியாகத் தூங்கும். இதை நம்பியா ஒரு குடும்பம், குழந்தையின் ஆபரேஷனுக்குத் தேதி குறிப்பது?

2025 அக்டோபர் 1-ந் தேதி, உயர்த்திய சந்தா உதவியை நீட்டிக்க வேண்டும் என்று ஜனநாயகக் கட்சி பிடிவாதம் பிடித்தது. சர்க்கார் ஆபீசுகள் மூடப்பட்டன. 43 நாள். அந்த நாட்டுச் சரித்திரத்திலேயே அதுவரை அவ்வளவு நீண்ட மூடல் இல்லை. ஜனநாயகக் கட்சி அணியில் எட்டு செனட்டர்கள் பிரிந்து வந்து முடித்து வைத்தார்கள். உதவி கிடைக்கவில்லை. பின்னால் ஓட்டெடுப்பு நடத்துகிறோம் என்ற வாக்குதான் கிடைத்தது.

டிசம்பரில் செனட் சபையில் அந்த ஓட்டெடுப்பு நடந்தது. ஜனநாயகக் கட்சியின் மசோதாவுக்குத் தேவையான 60 ஓட்டு கிடைக்கவில்லை. அதே நாளில் குடியரசுக் கட்சியின் மாற்று மசோதாவும் ஓட்டுக்கு வந்தது. அதற்கும் 60 கிடைக்கவில்லை. டிசம்பர் 31-ந் தேதியோடு உதவி காலாவதி ஆயிற்று. ஜனவரியில், கூடிய சந்தாவுக்கான பில் வீடு வீடாக வந்து சேர்ந்தது.